பிள்ளையார் சுழி போட்ட ஜன்னல்கள்

காலை பத்து இருபது. கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மஞ்சள் தோய்ந்த ஒரு சுட்டுவிரல். ஒரு கல்யாணப் பத்திரிகையின் நாலாவது மூலைக்கு மேலே, அரை அங்குல உயரத்தில், அது அப்படியே நின்றிருந்தது. மற்ற மூன்று மூலைகளிலும் மஞ்சள் ஏறிவிட்டிருந்தது.

விரலுக்குச் சொந்தக்காரர் கோபாலபுரத்திலிருந்து வந்த பெண்ணின் அப்பா. முதல் பத்திரிகையைக் கடையிலேயே மங்களகரமாக்கி நேராகக் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று, வீட்டிலிருந்தே ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து எடுத்து வந்திருந்தார். மூன்று மூலை தடவி முடித்து நாலாவதற்குப் போகும் வழியில் கண் எழுத்தின் மேல் விழுந்திருக்கிறது.

"பொண்ணு பேரு இதுல இல்லையே, பாய்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

கடைக்காரர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். பெண் பெயர் மட்டுமில்லை, பிள்ளை பெயர், மண்டபம், தேதி, தாத்தா பாட்டிகள் உட்பட எதுவுமே கோபாலபுரத்தாருடையது இல்லை. எல்லாம் கே.கே. நகரில் இருக்கும் வேறொரு குடும்பத்துடையது. அட்டை மட்டும் இவருடையது: இவரும் இவர் மனைவியும் ஒரு முழு மாலை உட்கார்ந்து தேர்ந்தெடுத்த சந்தன நிற அட்டை, ஓரத்தில் பொன் கோடு, நடுவில் புடைப்பாக ஒரு தாமரை. கட்டைப் பிரித்தார்கள். ஐந்நூறும் அப்படித்தான் இருந்தன.

"இன்னொருத்தர் பொண்ணுக்கு மூணு மூலை மஞ்சள் வச்சுட்டேனே" என்று அவர் விரலைப் பார்த்துக்கொண்டார். எங்கே துடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடை இருந்தது தியாகராய நகரில், பாண்டி பஜாருக்கு ஒரு தெரு தள்ளி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆடி பதினெட்டு தாண்டியிருந்தது. ஊரில் யாரும் கல்யாணம் பண்ணாத மாதம்தான் பத்திரிகைக் கடைக்குக் கூட்டம் நெரியும் மாதம்; ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் அப்போதுதான் அட்டையில் ஏறும். கடைக்காரர் மூன்று தலைமுறையாக அதே தெருவில் வியாபாரம் செய்யும் குடும்பம். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவர் பாய். பிள்ளையார் படம், தாமரை, பிறை, சிலுவை என்று சாம்பிள் ஆல்பங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கூரை வரை அடுக்கியிருக்கும். எந்த வீட்டுக்கு எந்த ஆல்பத்தை எடுப்பது என்பதை, வருபவர் நாற்காலியில் உட்காருவதற்குள் முடிவு செய்துவிடுவார்.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியன். அப்போது இரவுப் பணி. பகலில் நேரம் இருந்ததால் என் மனைவியின் தங்கை எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத் தமிழ் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் வரும் 'திற', 'மூடு', 'சரி' போன்ற சொற்கள் என் கைங்கரியம். மற்றதெல்லாம் அவளுடையது. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, மயிலாப்பூர் வீட்டு முன்னறையில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து எழுதியது. கல்யாணப் பத்திரிகையைத் திரையிலேயே கோத்து, வாடிக்கையாளருக்குக் காட்டி, அச்சுக்கு அனுப்பும் புரோகிராம். அதை வாங்கச் சம்மதித்த ஒரே கடை பாயுடையது. அதுவும் ஆவணி வரை பார்க்கிறேன் என்ற பேச்சின் பேரில். கம்ப்யூட்டர்கூட அவளுடையதுதான், கடைக்கு இரவல்.

இன்னொரு பக்கம் பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். என் மாமனார் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். கடை புரோகிராமை வைத்துக்கொண்டால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் ரயில் ஏற வேண்டும் என்று அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஒப்பந்தம். அவளுக்கு ரயில் ஏற விருப்பமில்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

அந்த மஞ்சள் விரல் நின்றது புதன்கிழமை.

போன் செய்ததும் மச்சினி ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். பாய் அவளிடம் பத்திரிகையை நீட்டினார்.

"இன்னா பாப்பா இது? ஈய எழுத்துல முப்பது வருஷம் அடிச்சோம். எழுத்து மாறிக்கீது. தேதி மாறிக்கீது. கல்யாணமே மாறிப்போனது இதான் ஃபர்ஸ்ட்டு."

கடையில் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பெண், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள், நடந்ததைச் சொன்னாள். கோபாலபுரத்தார் முந்தின நாள் அவள் பக்கத்தில் நின்று திரையில் தன் பத்திரிகையை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் தலையாட்டிய பிறகுதான் 'சரி' பொத்தானை அமுக்கினாள். பிறகு அச்சு எடுக்கும் புரோகிராமை ஓட்டினாள். டிரேசிங் பேப்பரில் வந்ததைச் சுருட்டி அச்சகத்துக்கு அனுப்பினாள். கோபாலபுரத்தாரும் ஆமாம், நான் பார்த்தேன், என் பெண் பெயர்தான் இருந்தது என்றார். 'சரி' சொன்ன பிறகு யாரும் மறுபடி படிப்பதில்லை. செய்தித்தாளிலும் அப்படித்தான்.

பாய் கோபாலபுரத்தாரிடம் வெள்ளிக்கிழமைக்குள் புது அட்டையில் அடித்துத் தருவதாகச் சொன்னார், பழைய முறையில், ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில். கம்ப்யூட்டர் மேல் பிளாஸ்டிக் உறையைப் போட்டார். உறைமேல் நாலு ஆல்பங்களை வைத்தார்.

"சனிக்கெழம வரைக்கும் டைம். ஏன் இப்பிடி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா மெஷினத் தூக்கிக்கினு போயிடு."

அவள் சரி என்றாள். தன் புரோகிராமில் நான் வைத்த சொல்லைத்தான் சொன்னாள்.

புதன் மாலை முழுக்க வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரில் அதையே செய்து பார்த்தாள். பத்திரிகையைத் திறந்தாள், 'சரி' அமுக்கினாள், அச்சு எடுத்தாள். சரியாகவே வந்தது. திரும்பத் திரும்ப எடுத்தாள். எத்தனை முறை செய்தாலும் சரியாகவே வந்தது. பிழையான புரோகிராமைவிட, பிழை செய்ய மறுக்கும் புரோகிராம்தான் அதிகத் தொல்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ராத்திரி நான் பணிக்குக் கிளம்பும்போது, ஒருவேளை அந்தக் கடைப் பெண் பார்த்தது ஒன்று, அமுக்கியது ஒன்றாக இருக்கலாம் என்றாள். சொல்லிவிட்டு, இல்லை, அவர் பக்கத்திலேயே நின்றாரே என்று அவளே வாபஸ் வாங்கினாள்.

வியாழக்கிழமை நான் கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் பேசினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடந்ததை விசாரிக்கும்போது 'ஏன்' என்று கேட்பதில்லை. 'அப்புறம்' என்று மட்டும்தான் கேட்போம். 'ஏன்' என்றால் ஆட்கள் நியாயம் சொல்லத் தொடங்குவார்கள். 'அப்புறம்' என்றால் நடந்தது வரும்.

சார் தலையாட்டினார். அப்புறம்? 'சரி' அமுக்கினேன். அப்புறம்? போன் வந்தது.

போனைப் பற்றி அதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தக்கது என்று அவளுக்கே தோன்றவில்லை. கே.கே. நகர் வீட்டிலிருந்து பேசினார்களாம். ரிசப்ஷன் ஆறு மணி என்று போட்டிருக்கிறதா ஆறரை என்று போட்டிருக்கிறதா என்று சந்தேகம். அவர்கள் பத்திரிகையும் திரையில் திறந்தே இருந்தது. ஒரு தட்டு தட்டி முன்னால் கொண்டுவந்து, ஆறரை என்று பார்த்துச் சொன்னாள். போனை வைத்தாள். அப்புறம்? அச்சு எடுத்தேன்.

"அச்சு எடுக்கும்போது திரையில என்ன வந்தது?"

"எப்பவும் வர்றதுதான் சார். 'அச்சிட வேண்டியது' அப்டின்னு போட்டு, பக்கத்துல பேரு வரும்."

"என்ன பேரு வந்தது?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "பேரு இன்னா சார். எல்லாத்துக்கும் வர்றதுதான். பிள்ளையார் சுழி."

மயிலாப்பூருக்குத் திரும்பியபோது மச்சினி சமையலறையில் நின்றபடியே உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன் வந்ததைச் சொன்னேன். முன்னால் வந்த கே.கே. நகரைச் சொன்னேன். கடைசியில் பிள்ளையார் சுழியைச் சொன்னேன். அவள் தட்டை மேடையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அங்கே சுவரில் ஒரு கம்பியில், வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைக் குத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் முதல் வரியில், நடுவில், தனியாக ஓர் எழுத்து இருந்தது: உ.

அதற்குப் பிறகு அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

இந்த ரகக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும். ஒவ்வொரு பத்திரிகையும் ஒரு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் சில குணங்கள் உண்டு: அகலம், உயரம், எங்கே நிற்கிறது, ஓரம் தடிமனா மெல்லியதா, தலைப்புப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது. ஒவ்வொரு குணத்தையும் வைப்பதற்கு ஒரு கட்டளை, வைத்ததைத் திரும்பப் படிப்பதற்கு ஒரு கட்டளை. புரோகிராம் எழுதுகிறவர்களின் பாதி வாழ்க்கை இந்த வைப்பதிலும் படிப்பதிலும் போகிறது.

அவள் ஜன்னலின் தலைப்பாகப் பத்திரிகையின் முதல் வரியை வைத்திருந்தாள். தலைப்புப் பட்டையில் தமிழ் எழுத்து வரவைக்கவே ஒரு மாதம் பாடுபட்டாள். அதனால் அந்தத் தலைப்பின் மேல் அவளுக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். 'சரி' அமுக்கியதும், அவள் புரோகிராம் அந்தத் தலைப்பைப் படித்து அச்சு எடுக்கும் புரோகிராமிடம் கொடுத்துவிடும். அச்சு புரோகிராம் பிறகு கம்ப்யூட்டரைக் கேட்கும்: இந்தத் தலைப்புள்ள ஜன்னல் எது?

எல்லா ஜன்னலுக்கும் தலைப்பு 'உ' என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? குளக்கரைத் தெருவில் நின்று 'சார்' என்று கூப்பிட்டால் எந்த சார் திரும்புவார்? பக்கத்தில் இருப்பவர்தான். கம்ப்யூட்டரும் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும் 'உ'வை எடுத்துக் கொடுத்தது. சாதாரணமாக அது கடைசியாகப் பார்த்த பத்திரிகையாகவே இருக்கும். அதனால் இத்தனை நாள் தப்பவில்லை. செவ்வாய்க்கிழமை நடுவில் ஒரு போன் வந்து கே.கே. நகர் மேலே ஏறிவிட்டது.

வீட்டில் ஏன் இது தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. சோதித்துப் பார்க்க அவள் சொந்தமாக டைப் செய்து வைத்திருந்த பத்திரிகைகளின் முதல் வரிகள் இவை: 'முதல் கல்யாணம்', 'இரண்டாம் கல்யாணம்', 'மூன்றாம் கல்யாணம்'. என் மாமனார் ஒருமுறை திரையை எட்டிப் பார்த்து, யாருக்குடி மூணாம் கல்யாணம் என்று விசாரித்திருக்கிறார். பிள்ளையார் சுழியை அவள் போடவே இல்லை. பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டு வரை அதைப் போட்டே பழகிய வீடு. சும்மா டைப் செய்து பார்ப்பதற்கெல்லாம் எதற்கு என்று விட்டிருக்கிறாள்.

"நிஜக் கல்யாணத்துக்குத்தானே போடுவா" என்றாள்.

வழி என்ன என்று கேட்டேன். அவள் செருப்பைச் சொன்னாள்.

"கோவில்ல செருப்பு விடறோமே. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி. ஸ்டாண்டுக்காரன் செருப்போட மூஞ்சியப் பாத்தா குடுக்கறான்? டோக்கனப் பாத்துத்தானே?"

"அப்போ நீ இத்தனை நாளா மூஞ்சியப் பாத்துக் குடுத்திண்டிருந்தயா?"

"ஆமா. கேலி பண்ணாதீங்கோ, அத்திம்பேர்."

தலைப்பு, அகலம், உயரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் குணங்கள். இவை தவிர, நாமாக ஒரு பெயரும் ஓர் எண்ணும் சேர்த்து எந்த ஜன்னலிலும் கட்டிவிடலாமாம், திரையில் தெரியாது. கட்டுவதற்கு 'செட் ப்ராப்'. கட்டியதைப் படிப்பதற்கு 'கெட் ப்ராப்'. ஜன்னலை மூடுவதற்கு முன்னால் அவிழ்ப்பதற்கு 'ரிமூவ் ப்ராப்'. அவிழ்க்காமல் மூடினால் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன மாதிரி. நாளடைவில் ஸ்டாண்டில் டோக்கன் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பத்திரிகை ஜன்னலிலும் கடையின் ஆர்டர் எண்ணைக் கட்டிவிட்டால், இனி எண்ணைக் கேட்டு எண்ணைத் தேடலாம். தலைப்பில் என்ன இருந்தாலும் கவலையில்லை.

எனக்கு இதில் பிடித்தது வேறொரு விஷயம். கட்டாத ஒன்றைப் படிக்கச் சொன்னால் அந்தக் கட்டளை 'இல்லை' என்று சொல்லாதாம். பிழை என்றும் சொல்லாது. சைபர் என்று சொல்லிவிட்டு நிற்கும். நான் அறிந்த சில அதிகாரிகளும் அப்படித்தான் பதில் சொல்வார்கள். அவள் அதற்கும் ஒரு வரி எழுதினாள்: சைபர் வந்தால் அச்சு எடுக்காதே.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கடையில் இருந்தபோது எதிர்பாராமல் ஒன்று நடந்தது. கே.கே. நகர் தம்பதி தங்கள் பத்திரிகையைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தது ரோஜா நிற அட்டை. மேஜைமேல் கிடந்த சந்தன நிறக் கட்டை அந்த அம்மாள் எடுத்துப் பார்த்தார். தன் பெண் பெயரைப் படித்தார். தாமரையைத் தடவினார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். ரோஜா நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதையே எடுத்துக்கொள்கிறோம் என்றார். மூன்று மூலையில் மஞ்சள் இருந்த பிரதியைப் பாய் ஒதுக்கி வைக்கப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை. கோபாலபுரத்தார் மறந்து விட்டுப்போன கிண்ணத்தில் காய்ந்திருந்த மஞ்சளைத் துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, நாலாவது மூலையில் வைத்தார்.

அவர்கள் போன பிறகு மச்சினி பாயைப் பார்த்தாள். கொஞ்சம் நம்பிக்கையோடுதான் பார்த்தாள்.

"அது என் அதிர்ஷ்டம், பாப்பா. உன் மெஷினோடது இல்ல. நாளைக்கு வா."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு உறையை எடுத்தார்கள். மூன்று பத்திரிகைகள் மூன்று ஜன்னல்களில் திறந்தன. பாய் ஏன் என்பதைக் கேட்டார். அவள் செருப்பு டோக்கனைச் சொன்னாள். பாய் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. ஒரு பத்திரிகைக்கு 'சரி' அமுக்கச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். எங்கே போகிறார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடை போன் அடித்தது. பாய்தான். பக்கத்துப் பாத்திரக் கடையிலிருந்து பேசினார். நான் கே.கே. நகர் பேசறேன், ரிசப்ஷன் எத்தினி மணிக்கு என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவர் குரல் கேட்டது. கம்ப்யூட்டர் பெண் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலை மேலே கொண்டுவந்து நேரம் சொன்னாள். போனை வைத்தாள். அச்சு எடுத்தாள்.

முதலில் 'சரி' சொன்ன பத்திரிகைதான் வந்தது.

பாய் திரும்பி வந்து படித்தார். மறுபடி போய்ப் போன் செய்தார். அடுத்த முறை இரண்டு நிக்காஹ் பத்திரிகைகளை வைத்துச் சோதித்தார். இரண்டிலும் முதல் வரி 786, அவர்கள் வீட்டுப் பிள்ளையார் சுழி மாதிரி. அதுவும் சரியாக வந்தது. பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, இன்னா பாய், வீட்டுக்கு வீடு போன் பண்ணிக்கினு கீறீங்க என்றார். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பிள்ளையார் சுழி எங்க?"

உள்ளே, பத்திரிகையில், முதல் வரியிலேயே இருக்கிறது என்று அவள் காட்டினாள்.

"அது இல்ல. மேல, பட்டையில. முன்ன இருந்திச்சே."

அவள் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். இப்போது தலைப்பில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் மட்டும் வரும். பார்த்ததும் எது யாருடையது என்று தெரியும். போன தடவை வந்த தொல்லையே அந்த எழுத்தால்தான் என்றாள். குரலில் லேசாக ஒரு அவசரம் இருந்தது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, ரயில் மறுநாள்.

"உனக்கு அது வேணாம், பாப்பா. இங்க ஒக்கார்றாரே, பொண்ணப் பெத்தவரு, அவருக்கு வேணும். மேல அது கண்ல பட்டாத்தான் மனுஷன் நிம்மதியா கீழ படிப்பாரு. இத்தினி வருஷமா பாத்துக்கினு கீறேன்."

"அது பாய்..."

"இப்ப டோக்கன் கீதுல்ல?"

"இருக்கு."

"அப்புறம் இன்னா? சுழியப் போடு. மெஷின் இங்கயே இருக்கட்டும்."

அவள் உட்கார்ந்தாள். ஒரே ஒரு வரியை மாற்றினாள். மூன்று ஜன்னல்களின் தலைப்பிலும் முதல் எழுத்தாக 'உ' வந்து நின்றது, பிறகு ஒரு இடைவெளி, பிறகு பெயர்கள். பாய் ஆல்பங்களைக் கம்ப்யூட்டர் மேலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கினார். டீ வரவழைத்தார். பாத்திரக் கடைக்காரருக்கும் ஒன்று போனது.

மாமனார் அன்று மாலையே டிக்கெட்டை ரத்து செய்ய மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போனார். வரிசை நீளம் என்று மட்டும் சொன்னார். வரும்போது ஒரு பொட்டலம் பஜ்ஜி வாங்கி வந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு அவள் கடையில் உட்கார்ந்து, நிக்காஹ் பத்திரிகைகளின் தலைப்பில் 786 சேர்த்துக்கொண்டிருந்தாள்.